தறிக்கு மேலே ஒரு பச்சை விளக்கு

என் அக்காவுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போன வருஷம், என் மகள் பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரானிக்ஸ். நான் பத்தாவதோடு நின்றவள். அவள் புத்தகங்களை அடுக்கி வைக்கத் தெரியுமே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வருஷம் ஆண்டவர் எனக்கு அவள் பாடத்தில் ஒன்றைப் புரியவைத்தார்.

அக்கா வீடு குறிஞ்சிப்பாடியில். மாமா கைலி நெய்கிறவர். வீட்டின் முன்பக்கம் முழுவதும் தறிதான். அக்கா படுத்திருந்தது பின்னறையில். தறி ஓடும்போது பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. அக்காவிடம் மிச்சம் இருந்ததோ ஒரு முனகல். அதனால் மாமா கொஞ்ச நேரம் நெய்வார், தறிக்குழியிலிருந்து காலை எடுத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே எட்டிப் பார்ப்பார், திரும்ப வந்து உட்கார்வார். நாள் முழுக்க இதே பாடு.

கிறிஸ்துமஸ் முடிந்து நானும் மகளும் போயிருந்தபோது அவர் சொன்னார்: "சிஸ்டருங்க நடத்துற ஹோமு ஒண்ணு இருக்குதும்மா. கேட்டு வச்சிருக்கேன். அங்க கூப்ட்டா வர ஆளு இருக்காங்க. இங்க நான் ஒருத்தன், இந்தத் தறிச் சத்தத்துல ஒக்காந்துக்கினு இருக்கேன்."

மெதுவாகத்தான் சொன்னார். தறி நின்றிருந்ததால் உள்ளே கேட்டுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது அக்கா இடது கையால் கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். விடவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்த கை அது. அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போகப் பிடிக்கவில்லை. அதைச் சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இல்லை.

திரும்பும் வழியில் வடலூரில் பஸ் மாற நின்றபோது மகள் சொன்னாள்: "அம்மா, பெரியம்மாவுக்கு ஒரு பட்டன் இருந்தா போதும்மா. என் புராஜெக்டே அதான்."

அன்றிலிருந்து எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் சாப்பாட்டு மேஜை அவளுடையதாயிற்று. கோயில் காலண்டரின் கிழித்த தாள்களைத் திருப்பிப் போட்டு வரைவாள். நீளமான கட்டம் சில, பட்டம் போல முனையில் நிற்கும் கட்டம் சில, நடுவில் அம்புக்குறிகள். அவங்க அப்பா மைன்ஸில் நைட் ஷிப்ட் முடித்து வந்து, தட்டு வைக்க இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்.

"இதென்ன பாப்பா, கோலமா?" என்றேன்.

"ஸ்டேட் மெஷின் சார்ட்மா. மிஷினு எந்த நேரமும் ஏதாவது ஒரு நிலையிலதான் இருக்கும். அந்த நிலைதான் இந்தப் பெட்டி. இந்தப் பட்டம் இருக்குல்ல, அது கேள்வி கேக்கும். பட்டன அமுக்கினாங்களா? ஆமான்னா இந்தப் பக்கம் போ. இல்லன்னா திரும்பவும் இங்கியே இரு. கடிகாரம் டிக் டிக்குனு அடிக்கிற மாதிரி, ஒவ்வொரு அடிக்கும் கேட்டுக்கினே இருக்கும்."

"சலிக்காதா அதுக்கு?"

"நீ ஜெபமாலை சொல்றப்ப சலிக்குதா?"

எனக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. ஒரே மந்திரம், ஒரே மணி போலத்தான் இருக்கும். ஆனால் எந்த மணியில் நிற்கிறோம் என்று விரலுக்குத் தெரியும். அவள் பெட்டிகளை எண்ணிக் காட்டினாள். சும்மா இருப்பது ஒரு நிலை. பெரியம்மா பட்டனை அமுக்கினால் தறிக்கு மேலே சிவப்பு விளக்கு எரிவது ஒரு நிலை. பெரியப்பா வரவில்லை என்றால் விளக்கு விட்டு விட்டு எரிவது ஒன்று. அப்படியும் வராவிட்டால் ஹாரன். ஆள் வந்து கட்டிலண்டை இருக்கிற இன்னொரு பட்டனை அமுக்கினால் எல்லாம் அடங்குவது கடைசி. ஆக ஐந்து. அந்த ஐந்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ள ஃபிளிப்-ஃபிளாப் என்று மூன்று, ஒவ்வொன்றும் ஆன் அல்லது ஆஃப் என்று ஒன்றை மட்டும் நினைவில் வைக்குமாம். சோப்பு டப்பா அளவு பெட்டிக்குள் எல்லாவற்றையும் அடக்கினாள்.

மேஜையில் வைத்துப் பல நாள் ஓட்டிப் பார்த்தோம். நான்தான் பெரியம்மா. சமையலறையிலிருந்து வந்து வந்து அமுக்குவேன். ஒரு தடவை கூடப் பிசகவில்லை.

தவக்காலம் தொடங்கிய வாரம் கொண்டுபோய் மாட்டினோம். மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பேச்சு இருந்தப்பவே ஒங்க பெரியம்மா என்ன நெய்ய விட மாட்டா. இப்ப கையில பட்டனையும் குடுத்துட்டீங்க. நான் கைலி நெய்ஞ்ச மாதிரிதான்."

அக்கா சிரித்தாள். ஒரு பக்க வாய்தான் சிரித்தது. உடனே அமுக்கினாள். சிவப்பு எரிந்தது. "பாத்தியா!" என்றார் மாமா. எழுந்து போய்க் கட்டிலண்டைப் பட்டனை அமுக்கிவிட்டு வந்தார். இன்னொரு தடவை அமுக்கினாள். அவர் மறுபடி எழுந்தார். அன்றைக்கு அவர் முட்டி வலிப்பதாகச் சொல்லவே இல்லை. ஹோம் பேச்சும் நின்றது.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் மாமாவிடமிருந்து போன். வாம்மா என்று மட்டும் சொன்னார். காலேஜ் விட்டு வந்த மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நாங்கள் போகும்போது மாமா அக்காவைக் கழுவித் துடைத்து, வேறு புடவை சுற்றிப் படுக்க வைத்திருந்தார். நனைந்த மெத்தை முற்றத்தில் கிடந்தது. காலையில் கரண்டு போயிருக்கிறது. மதியத்துக்கு முன்னால் வந்துவிட்டது. கைத்தறிக்குக் கரண்டு எதற்கு, அவர் பாட்டுக்கு நெய்திருக்கிறார். சிவப்பு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. அவள் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பொழுது சாயும்போது எழுந்து போய்ப் பார்த்தால், அக்கா பட்டனை அமுக்கியபடியே கிடக்கிறாள். கட்டை விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. அழுது அழுது தலையணை ஒரு பக்கம் ஈரம்.

மகள் பெட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "வூட்டுல ஒரு தடவகூட இப்படி ஆகலியே பெரியப்பா" என்றாள்.

"ஒங்க வூட்டுல எப்படி ஆவும்? நெய்வேலிக்காரங்களுக்குக் கரண்டு போறதுன்னா என்னன்னு தெரியுமா? எங்களுக்கு அது வேளாவேளைக்குச் சோறு மாதிரி. ஒரு நாளைக்கு எத்தினி வாட்டி போவுது, வருது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது உள்ளே போய்த் தைத்தது. ஊருக்கெல்லாம் மணிக்கணக்கில் கரண்டு இல்லாத வருஷம் அது. கரண்டு தயாராகிற ஊர் என்பதால் எங்கள் டவுன்ஷிப்பில் மட்டும் ஃபேன் நிற்காது. என் வீட்டில் மெழுகுவர்த்தி இருந்தது மாதா படத்துக்கு முன்னால் ஏற்றத்தான். இருட்டுக்கு ஏற்றி எனக்குப் பழக்கமில்லை. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைக்குக் கரண்டு போகும் என்கிற கேள்வியே தோன்றவில்லை. அவள் சார்ட்டில் அந்தக் கேள்விக்குப் பட்டம் இல்லை.

வீட்டுக்கு வந்து பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார்த்தாள். சில தடவை ஒழுங்காக எழுந்தது. சில தடவை செத்தது போலக் கிடந்தது.

"மூணு ஃபிளிப்-ஃபிளாப்னா மொத்தம் எட்டு நிலை வரும்மா. நான் அஞ்சுக்குத்தான் பெட்டி போட்டேன். மிச்சம் மூணுக்கு மிஷின் போகவே போகாதுன்னு விட்டுட்டேன். கரண்டு போய் வந்தா அது எங்க வேணா கண்ணு முழிச்சிக்குது. நான் போடாத எடத்துல முழிச்சா, அங்கேருந்து வெளிய வர வழியே இல்ல."

வெளியே வர வழியில்லாத அறை. உள்ளே ஒரு ஆள் பட்டனை அமுக்கிக்கொண்டே கிடப்பது எனக்குக் கண்ணில் தெரிந்தது. அன்று ஜெபமாலை எடுத்தேன். எந்த மணியில் இருக்கிறேன் என்று விரலுக்குத் தெரியவில்லை.

மகள் விட்டுப்போன மூன்று பெட்டிகளையும் வரைந்து, மூன்றிலிருந்தும் முதல் பெட்டிக்கு அம்பு போட்டாள். கரண்டு வந்ததும் முதல் பெட்டியிலேயே எழுகிற மாதிரியும் செய்தாள். ஆனால் மாமா போனில் வேண்டாம் என்றுவிட்டார்.

"பொட்டி வர்றதுக்கு முன்னாடி நானே எழுந்து எழுந்து பாத்துக்கினு இருந்தேன். பொட்டி வந்ததும் வெளக்க நம்பி ஒக்காந்துட்டேன். வேணாம்மா. ஈஸ்டரு முடியட்டும், ஹோமுல கொண்டுபோய் விட்டுடறேன்."

மகள் போனை வைத்தாள். பெட்டியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தாள்.

பெரிய வெள்ளிக்குக் கோயிலுக்குப் போனோம். நுழைந்ததும் மகள் பழக்கத்தில் நற்கருணைப் பேழையைப் பார்த்து முட்டி போட இறங்கினாள். நான் கையைப் பிடித்தேன். அன்றைக்குப் பேழை காலி, உள்ளே ஆண்டவரின் அப்பம் இருக்காது. கதவு திறந்து கிடக்கும். வருஷம் முழுக்கப் பக்கத்தில் எரியும் அணையா விளக்கையும் அணைத்திருப்பார்கள். அவள் பாதியில் நின்று அந்த விளக்கையே பார்த்தாள். சிலுவையை முத்தமிட வரிசையில் போகும்போதும் பார்த்துக்கொண்டே போனாள். நான் பிள்ளை ஜெபிக்கிறது என்று நினைத்தேன்.

வெளியே செருப்பு மாட்டும்போது சொன்னாள்: "அம்மா, நான் தலைகீழா போட்டுட்டேன். உள்ள ஆண்டவர் இருக்கார்ங்கறதுக்குத்தான வெளக்கு எரியுது? அணைஞ்சிருந்தா ஒண்ணும் இல்லன்னு எல்லாருக்கும் தெரியுது. என் வெளக்கு அணைஞ்சிருந்தா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். செத்த மிஷினும் அப்படித்தான இருக்கும்?"

ஈஸ்டர் பூசை முடிந்து, பலகாரத் தூக்கோடு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். ஹோமுக்குப் போகத் துணிமணி மூட்டை கட்டியிருந்தது. மகள் யாரையும் கேட்காமல் ஸ்டூல் போட்டு ஏறி, தறிக்கு மேலே சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை மாட்டினாள்.

"பெரியப்பா, இது எரிஞ்சிக்கினு இருந்தா மிஷின் முழிச்சிக்கினு இருக்கு, பெரியம்மா கூப்பிடலன்னு அர்த்தம். அவங்க அமுக்கினா அணையும். கரண்டு போனாலும் அணையும். மிஷின் கெட்டாலும் அணையும். எதுக்கு அணைஞ்சிதுன்னு யோசிக்காதீங்க. எழுந்து போய்ப் பாருங்க."

"ஒரு பேட்டரி போட்டுடேன்" என்றேன் நான்.

"பேட்டரியும் தீரும்மா. அது தீந்துச்சுன்னு யாரு சொல்லுவா? கரண்டு இல்லாத நேரம் பெரியப்பாதான் வெளக்கு."

மாமா பச்சையை அண்ணாந்து பார்த்தார். தறியில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நெய்தார். நாங்கள் அக்காவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே கரண்டு போயிற்று. இருட்டு இல்லை, பகல்தான். தறிச் சத்தம் நின்றது. காலை இழுத்து இழுத்து அவர் வருவது கேட்டது. வாசற்படியில் நின்று அக்காவைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். அவள் பட்டனைத் தொடவே இல்லை.

அவர் குனிந்து மூட்டையை அவிழ்த்து, துணிகளைத் திரும்ப டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.

அக்கா அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் இருந்தாள். அந்தக் கட்டிலில்தான், அந்த வீட்டில்தான். மாமா அவளுக்குக் காலைக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஆண்டவர் கூப்பிட்டுக்கொண்டார். தனியாகக் கிடந்து போகவில்லை. அதற்காக இன்றைக்கும் நான் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன்.

அடக்கத்தன்று பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னதும், சவப்பெட்டியைத் தூக்கி வாசல் தாண்டினார்கள். எல்லாரும் பின்னால் போனோம். மாமா மட்டும் நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். துணி போட்டு மூடிய தறிக்கு மேலே பச்சை எரிந்துகொண்டிருந்தது. அது பாட்டுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா" என்றேன்.

"இரும்மா. உள்ள ஆளு இல்ல" என்றார்.

தறியைச் சுற்றிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சுவிட்சை அணைத்துவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களோடு வந்தார்.