தும் வராத பெட்டி

என் சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்த லிஃப்டில் யார் ஏறினாலும், "நடுவுல நில்லுங்க, நடுவுல நில்லுங்க" என்று அதட்டுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் தண்ணீர் ஜக் நடுவில்தான் இருக்க வேண்டும். கூடத்தில் அவருடைய நாற்காலி, டேப் வைத்து அளந்து, சரியாக நடுவில். பெருக்குவதற்காக அதை ஒரு சாண் நகர்த்தினாலும் சித்திக்குத் திட்டு விழும்.

அந்த நாற்காலியில் சாய்ந்து பாட்டுக் கேட்பதுதான் அவருக்கு இருக்கும் ஒரே சுகம். இரண்டு ஸ்பீக்கரும் ஓர் ஆம்ப்ளிஃபயரும் ஏற்கெனவே உண்டு. பாட்டின் அடிச்சத்தமான பேஸ் போதவில்லை என்று, அதற்கென்றே இருக்கும் சப்வூஃபர் பெட்டி ஒன்றைக் கைக்கு எட்டும் விலையில் தேட ஆரம்பித்தார். எங்கள் நிம்மதி அன்றோடு போயிற்று.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அவர்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருக்கும் என்னைத்தான் ஸ்கூட்டரில் கடைக்கு ஏற்றிப் போவார். திரும்பும்போது பெட்டி என் மடியில். முதல் பெட்டி கடையில் நன்றாகத்தான் உறுமியது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கேட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"தொப்புனு கேக்குது பாப்பா. ஈரத்துணியத் தரையில போட்ட மாதிரி. எனக்குத் தும்முனு வரணும்."

திருப்பிக் கொடுத்தோம். அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி வந்தோம். அதுவும் தொப்.

கடைக்காரர் நொந்துபோனார். "சார், எத்தனை வாட்ஸ்னு கேளுங்க, எத்தனை இஞ்ச்னு கேளுங்க. எத்தனை தும்னு கேட்டா நான் எங்க போவேன்?"

"தும் வராத சாமான எதுக்கு விக்கிறீங்க?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியை நீட்டும்போது கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. இனிமே மாத்தித் தர மாட்டேன்."

வீட்டில் சித்தியும் கறாராகத்தான் சொன்னாள். "இதுவும் சரியில்லேன்னு ஆரம்பிச்சீங்க, மொத்த செட்டையும் எங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

சித்தி சொன்னால் செய்வாள். சித்தப்பா ஆசைப்பட்டு வாங்கி ஏறாமலே வைத்திருந்த உடற்பயிற்சி சைக்கிளில் இப்போது அந்த அண்ணன் வீட்டுத் துணிகள் காய்கின்றன.

பயந்துகொண்டேதான் பாட்டைப் போட்டார். தொப். பெட்டியின் ஒலியைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

சமையலறையிலிருந்து சித்தி கத்தினாள். "என்னங்க, குறைங்க! தட்டெல்லாம் நடுங்குது!"

"சும்மா சொல்லாத. தும்முங்கிற சத்தமே வரல."

"எனக்கு மண்டை இடிக்குது, உங்களுக்குச் சத்தம் வரலையா? மொதல்ல காத டாக்டர்கிட்ட காட்டுங்க."

"என் காதையா சொல்ற? கதவு மூடுற சத்தத்த வச்சே எந்த லிஃப்டுன்னு சொல்றவன் நான்!"

இரண்டு பேரில் ஒருவர் புளுகுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். சித்தப்பா விருட்டென்று எழுந்து, சண்டை போடச் சமையலறை வாசலுக்குப் போனார். அங்கே திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டார்.

நாற்காலிக்கு ஓடி வந்தார். தொப். மறுபடி வாசலுக்கு ஓடினார்.

"பாப்பா, தும்!"

நானும் நடந்து பார்த்தேன். கூடத்தின் நட்டநடுவில் மட்டும் பேஸ் செத்துக் கிடந்தது. சுவர்ப்பக்கம் போகப் போக அது உயிர் பெற்று நெஞ்சில் இடித்தது. சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி நடுவில் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது போல. எந்தப் பெட்டியிலும் குறையில்லை. இவர் உட்கார்ந்த இடம்தான் குறை.

"அப்ப அந்த மொதல் பெட்டியே..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வாய மூடு."

நாற்காலியைத் தூக்கக் குனிந்தார். அதற்குள் சித்தி வந்து அதில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது இங்கயே இருக்கட்டும். ஃபேன் காத்து நேரா வருது, மண்டையும் இடிக்கல. அடடா, இத்தன நாளா இது தெரியாமப் போச்சே!"

செட் எங்கள் வீட்டிலேயே தங்கியது. சித்தப்பா இப்போது சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டுப் பாட்டுக் கேட்கிறார். கை சும்மாதானே இருக்கிறது என்று சித்தி ஒரு கூடை வெங்காயத்தை முன்னால் வைத்துவிடுகிறாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் நான் அவர் முழங்காலைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

"கொஞ்சம் ஓரமா உக்காருங்களேன் சித்தப்பா."

"நகர்ந்தா தும் போயிடும்" என்கிறார்.

அதெல்லாம் போகாது. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். வாசலுக்குச் சரியாக நடுவில் உட்கார வேண்டும் என்று டேப் வைத்து அளந்திருக்கிறார், அவ்வளவுதான்.