பின்சீட்டுச் சத்தம்

சென்ற மாதம் என் மகன் செராஸில் ஒரு பழைய கார் கடைக்குப் போனான். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றான். நானும் பேரனும் கூடப் போனோம். விற்பவர் மகனுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பின்னால் குறுகலாக ஓர் இருக்கை. பெரியவர்கள் உட்கார முடியாது. பேரன் அதற்குள் புகுந்து உட்கார்ந்து கால்களை ஆட்டத் தொடங்கினான். "இறங்குடா!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது. பையன் அழுதுகொண்டே இறங்கினான். "என்னப்பா ஆச்சு?" என்று மகன் கேட்டான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்படியொரு இருக்கையில் சின்ன வயதில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே உட்கார்ந்து நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி எழுதியாவது வைக்கலாம்.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். மாமாவுக்குத் தொழில் பழைய கார் விற்றுக் கொடுப்பது. பழைய கிள்ளான் சாலையில் ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது முதலாளியின், கடையில் காலையிலிருந்து நிற்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது. வண்டி விற்றால்தான் கமிஷன். வெள்ளைச் சட்டை, பின்னுக்கு வாரிய தலை, பாக்கெட்டில் சீப்பு. எனக்குத் தெரிந்த பெரியவர்களில் என்னைப் பெரியவனாக நடத்தியவர் அவர் ஒருவர்தான். அப்பாவுக்கோ அவரைக் கண்டால் ஆகாது. "தீபாவளிக்குள்ள ஒன் தம்பி ஒரு வழி பண்ணிக்கிட்டு வேற ரூம் பாக்கணும்" என்று மாமா காதில் விழும்படியே அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் சிவப்புக் கார் வந்தது. ஒரு தோட்டத்து வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குத் திரும்பும்போது தவுக்கேயிடம் தள்ளிவிட்டுப் போன கார். நீண்ட மூக்கு, இரண்டே கதவுகள், தரையைத் தொடுவதுபோலத் தாழ்ந்த உடம்பு. கிளப்பினால் எதிர்க்கடையின் கண்ணாடிப் பெட்டிகள் அதிரும். பின்னால், நாய்க்குட்டிக்கென்று செய்ததுபோல ஒரு சின்ன இருக்கை.

காருக்கு ஒரு கோளாறு இருந்தது. வலது பக்கம் வளைந்து திரும்பும்போது முன்பக்க இடது சக்கரத்திலிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வரும். மாமா வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனபோது நானும் கூட இருந்தேன். பட்டறைக்காரர் சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற மூட்டு தேஞ்சு போச்சு. மாத்தணும். சாமான் சீமையில இருந்து வரணும், மாசக்கணக்கா ஆகும்."

"அது வரைக்கும் ஓடுமா?"

"மெதுவாப் போனா ஓடும்."

"அது போதும்லா."

"என்னா போதும்? இந்த வண்டிய வாங்குறவன் மெதுவாப் போறதுக்கா வாங்குவான்?"

மாமா சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அது நல்ல வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

முதலில் பார்க்க வந்தவர் ஒரு பல் வைத்தியர். ஓட்டிப் பார்க்கப் போனவர் முதல் ரவுண்டபவுட்டைச் சுற்றியதுமே வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கடைவரை நடந்தே திரும்பினார். இரண்டாவது ஆளும் அப்படித்தான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டிவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார். தவுக்கே தன் அரைகுறைத் தமிழில், "நீ வண்டி விக்கிறே, வண்டி வாயத் தொறந்து எல்லாம் சொல்லுது. நீ வாயே தொறக்காதேலா, வண்டியே பேசட்டும்" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார். மாமா அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

மறுநாள் என்னைக் கூப்பிட்டு, "மருமகனே, கோயில் பாட்டு வகுப்புல ஒரு முருகன் பாட்டு கத்துக்கிட்டியே, முழுசாத் தெரியுமா?" என்று கேட்டார்.

முழுதும் தெரியும். எனக்கு அப்போது நல்ல குரல். அது எனக்கே தெரிந்திருந்ததுதான் வினை.

மாமா என்னைப் பின்னால் உட்காரவைத்து ரவுண்டபவுட்டைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார். அவர் தன் சீட்டின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினால் நான் குரலை உயர்த்த வேண்டும். "இன்னும் மேல போ. ஆங், இப்ப கேக்கல. அந்த இடத்துலயே இழுத்துப் பிடி." சக்கரம் தட்டும் நேரத்தில் பாட்டின் உச்சம் வரும்படி எந்த அடியில் தொடங்க வேண்டும் என்று நாங்கள் பழகிக்கொண்டோம். பாட்டு வாத்தியார்கூட என்னோடு அத்தனை பொறுமையாக இருந்ததில்லை. பழகி முடித்ததும் மரத்தடிக் கடையில், சீவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். தீபாவளிக்குப் பிறகும் மாமா எங்கள் வீட்டிலேயே இருப்பார் என்றால் எத்தனை பாட்டு வேண்டுமானாலும் பாடத் தயாராக இருந்தேன்.

அப்போதுதான் கிள்ளானிலிருந்து அந்த அண்ணன் வந்தார்.

போர்ட் கிள்ளானில் லோரி வைத்து ஓட்டும் ஒருவரின் ஒரே மகன் அவர். தன் அப்பாவின் லோரி ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, சிரித்த முகம். வந்ததுமே, "அண்ணே, நான் வந்தது எங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா லோரிக்கு டயர் வாங்க வேண்டிய காசுடான்னு ஓட ஓட வெரட்டுவாரு" என்றார். அப்பாவுக்குத் தெரியாமல் வந்ததால், வண்டியைப் பார்த்துச் சொல்ல லோரிப் பட்டறை ஆள் யாரையும் அவர் கூட்டிவரவில்லை. மாமாவின் முகம் மலர்ந்தது.

"இவன் என் அக்கா மவன். கூட வரட்டுமா தம்பி? இந்தக் கார்ல போறதுன்னா உசுரு."

"வரட்டும் அண்ணே. ஏறுடா தம்பி."

அண்ணன் ஓட்டினார். மாமா அவருக்கு இடது பக்கத்தில். மாமாவுக்குப் பின்னால் நான். மாமாவின் கை சீட்டின் முதுகில் தட்டியது. நான் பாடினேன். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அடடே! அண்ணே, நல்ல சாரீரம் இவனுக்கு. நான் எங்க ஊர்ப் பஜனையில ஆர்மோனியம் வாசிக்கிறவன். எங்ககிட்ட குடுத்துடுங்க இவன."

ஆர்மோனியம் என்ற சொல்லைக் கேட்டதும் மாமாவின் கழுத்து விறைத்தது. நல்ல காது உள்ள ஆள் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆனால் ரவுண்டபவுட்டில் நான் உச்சத்தைத் தொட்டபோது அண்ணனும் சேர்ந்து பாடினார். சக்கரம் தட்டியது எனக்கே கேட்கவில்லை.

அங்கிருந்து நேர்ச்சாலையில் அவர் வண்டியை விரட்டினார். மரங்கள் பின்னால் ஓடின. திரும்பி வரும் வழியில், சிரித்த முகம் மாறாமலே, "அண்ணே, அந்த ரவுண்டபவுட்ல ஏதோ டக்குன்னு கேட்ட மாதிரி இருந்துச்சே" என்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே தம்பி."

"தம்பி, இந்த வாட்டி பாடாம வா. ஒரு சுத்து கேட்டுப் பாத்துடுவோம்" என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

மாமாவின் கை சீட்டின் முதுகில் கிடந்தது. அது தட்டவில்லை. அவரால் செய்யக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை. வண்டி வளைந்தது. டக், டக், டக். அண்ணன் வேகத்தைக் குறைத்துத் தலையைச் சாய்த்தார்.

இதற்குப் பிறகு நடந்தது மாமா சொல்லிக்கொடுத்ததல்ல. அவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. செய்யாததை அவர் தலையில் கட்ட எனக்கு விருப்பமில்லை. கோயிலுக்குப் போடும் கறுப்புச் சப்பாத்து என் காலில் இருந்தது. மாமாவின் சீட்டுக்கு அடியில் ஓர் இரும்புக் கம்பி ஓடியது. அதை அதே தாளத்தில் உதைத்தேன். டக், டக், டக்.

"நான்தான் அண்ணே. கால் பட்டுடுச்சு."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். நான் இன்னொரு முறை உதைத்துக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, நீதானா அது! பயமுறுத்திட்டியேடா. கால மடக்கி உக்காரு."

கடைக்குத் திரும்பியதும் அங்கேயே பேசி முடித்தார்கள். சாவியைக் கொடுக்கும்போது மாமா, "தம்பி, கொஞ்ச நாளைக்கு மெதுவாவே ஓட்டுங்க. வண்டி கைக்குப் பழகட்டும்" என்றார். அண்ணன் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, தீபாவளிக்குக் கிள்ளானுக்கு வந்து பஜனையில் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று எனக்கு இரண்டு கிண்ணம் ஐஸ் கச்சாங். மாமா ஒன்றும் சாப்பிடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருடா ஒனக்கு அதச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "நானேதான் மாமா" என்றேன். கெட்டிக்காரன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்க் காசைக் கொடுத்தார்.

தீபாவளிக்கு முன்பே செய்தி வந்தது. இப்போது ஷா ஆலம் நகரம் இருக்கும் பக்கம் அன்று வெறும் தோட்டக்காடு. அங்கே சாலை வலப்புறம் திரும்பும் இடத்தில், முன்பக்க இடது சக்கரம் மடங்கி உள்ளே போய், கார் சாலையைவிட்டுப் பாய்ந்து மரத்தில் மோதியிருந்தது. அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டார். தவுக்கே கடையில் கேட்டுவந்து மாமா அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு, யாரும் ஒன்றும் கேட்காமலே, "நான் மெதுவா ஓட்டுங்கன்னுதான் அக்கா சொன்னேன்" என்றார். அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. பஜனைக்கு இனிப் போக முடியாது என்பதற்காகவும் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. "ஒன் கையால வண்டி வாங்கிட்டுப் போன புள்ள. கருமாதிக்காவது போயித் தல காட்ட வேணாமா?" என்று மாமாவைப் பிடிவாதமாகக் கிளப்பினார். என்னையும் சேர்த்து மூவரும் கிள்ளானுக்கு ரயிலேறினோம். புறப்படும்போது நான் அந்தக் கறுப்புச் சப்பாத்தையே போட்டுக்கொண்டேன்.

லோரிகள் நிற்கும் முற்றத்தில் அண்ணனுடைய அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "கேட்டிருந்தா நானே வந்து பாத்திருப்பேன்லா. மொத நாளே சொல்லியிருப்பேன்" என்றார். மாமா வாசற்படி ஏறவில்லை. உள்ளே படத்துக்கு மாலை போட்டு, பக்கத்தில் ஆர்மோனியத்தைத் துணி போர்த்தி வைத்திருந்தார்கள். அம்மா என்னை முன்னால் தள்ளி, யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் அண்ணனுடைய அம்மா எழுந்து வந்துவிட்டார்.

"பாடுன பையன் இவன்தானா? கார்ல கால ஆட்டிக்கிட்டே வந்தவன்?"

நான் தலையாட்டினேன். அவர் என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"எந்நேரமும் ஒன் பேச்சுத்தாண்டா. வளைவுல திரும்புனா டக்கு டக்குன்னு கேக்குதாம். 'அம்மா, அந்தப் பையன் ஒதச்சு ஒதச்சு சீட்டு லூசாயிடுச்சு'ம்பான். ஸ்பேனர எடுத்துக்கிட்டு அந்தச் சீட்டத்தான் முறுக்கிக்கிட்டுக் கெடந்தான். எத்தன முறுக்கியும் சத்தம் போகல. அப்பறம் விட்டுட்டான். 'அவன் எறங்கவே இல்லம்மா, இன்னும் பின்னால உக்காந்து கால ஆட்டிக்கிட்டுத்தான் வர்றான்'னு சிரிப்பான். அன்னிக்குக் காலையிலகூட, 'வரேம்மா, என் பையனும் கூட வர்றான்'னு சொல்லிட்டுத்தான் வண்டிய எடுத்தான்."

சொல்லிவிட்டு, அந்தப் பாட்டை ஒருமுறை அவன் படத்துக்கு முன்னால் பாடுவாயா என்று கேட்டார்.

பாடினேன். ஓர் அடிகூட விடவில்லை. உச்சம் வரும் இடத்தில், யாரும் தட்டாமலே, பழகியபடி குரலை உயர்த்திப் பிடித்தேன். பெண்கள் அழுதார்கள். அண்ணனுடைய அப்பா மட்டும் முற்றத்தில் அசையாமல் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே பார்த்தபோது மாமா முற்றத்தைத் தாண்டிச் சாலைக்கே போய்விட்டிருந்தார்.

திரும்பும் ரயிலில் மாமாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அம்மா எதிரில் கண்ணை மூடியிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. இறந்துபோன ஒருவர் கடைசிவரை என்னை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அவருடைய அம்மாவே சொன்னார்.

"மாமா, அண்ணன் என்னை மறக்கவே இல்ல, பாத்தீங்களா?" என்றேன்.

நான் கால்களை ஆட்டினேன். சப்பாத்து சீட்டுக்கு அடியிலிருந்த தகரத்தில் பட்டு டக், டக் என்றது. மாமா குனிந்து என் கணுக்காலைப் பிடித்தார். வலிக்கும்படி இறுக்கிப் பிடித்தார். பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை விடவில்லை.

மாமா விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் சிரித்தபடியே காலை இழுத்துக்கொண்டிருந்தேன்.