ஒரு வாய்த் தண்ணீர்

ஜோதிலிங்கம் என்று சொன்னால் போதும், "ரெஃப்ரீயை அறைஞ்சானே, அவனா?" என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டெல்லியில் அத்தனை வருஷம் கால்பந்துப் பின்களத்தில் நின்று ஆடியவனுக்கு மிஞ்சிய பெயர் அந்த ஓர் அறைதான்.

வியாசர்பாடிக்காரன். விளையாட்டு ஒதுக்கீட்டில் எங்கள் அமைச்சகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தான். பெயருக்குத்தான் கிளார்க், மதியச் சாப்பாடு முடிந்ததும் பூட்ஸைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விடுவான். அவன் ஃபைல்களும் என் தலையில்தான் விழும். முணுமுணுப்பேன். சனிக்கிழமை அவன் ஆட்டத்தைப் பார்த்ததும் முணுமுணுப்பெல்லாம் மறந்துபோகும்.

தொண்ணூற்றிரண்டில், அலுவலக அணிகளின் இறுதி ஆட்டத்தில், இல்லாத பெனால்டியைக் கொடுத்த நடுவரை அறைந்தான். இல்லாத பெனால்டிதான், நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆனாலும் அறை அறைதானே. மூன்று வருஷம் தடை. தடை முடிவதற்குள் முழங்கால் போய்விட்டது. அதன்பின் மதியத்துக்கு மேலும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

இரண்டாயிரத்து ஒன்றில் மயூர் விஹார் தமிழ்ப் பிள்ளைகள் 'யமுனைக்கரை லெவன்' என்று ஓர் அணி கட்டி, மேனேஜர் தேடினார்கள். நான்தான் அவனைப் பிடித்துத் தள்ளினேன். லீக் நடத்தியவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: இன்னொரு புகார் வந்தால் ஆயுளுக்கும் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது.

அதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். விசில் ஊதியதும் ஒரு வாய்த் தண்ணீரை வாங்கி வாயில் அடக்கிக்கொள்வான். இடைவேளைவரை விழுங்கமாட்டான்.

"வாய்ல தண்ணி இருந்தா திட்ட முடியாது சார். அவ்ளோதான் மேட்டரு" என்றான்.

பிள்ளைகள் அவனுக்கு 'டங்கி அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள், தண்ணீர்த் தொட்டி மாமா. மூன்று சீசன், எந்த நடுவரையும் அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான்காவது சீசன், அரையிறுதி. எங்கள் ஃபார்வர்டு கௌஷிக்கும் எதிரணிக்காரனும் பந்துக்காக எம்பித் தலையோடு தலை மோதினார்கள். கௌஷிக் மயங்கி விழுந்தான். இரண்டு அணிக்காரர்களும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நடுவர் நல்ல மனிதர்தான். குனிந்து, பாட்டிலைத் திறந்து கௌஷிக் வாயில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். மயக்கத்தில் கிடப்பவனுக்கு அப்படி ஊற்றி, மூச்சடைத்துச் செத்துப்போன ஒருவனை ஜோதிலிங்கம் வியாசர்பாடியில் பார்த்திருக்கிறான். ஓடினான். கத்துவதற்கு வாயைத் திறந்தான். அடக்கி வைத்திருந்த தண்ணீரெல்லாம் நடுவர் முகத்தில் போய் விழுந்தது. அவரைத் தள்ளிவிட்டு, கௌஷிக்கை ஒருக்களித்துப் போட்டு, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினான். பையன் இருமினான். மூச்சு வந்தது.

எல்லைக்கோட்டில் நின்ற நான் பார்த்தேன். சண்டையில் இருந்தவர்கள் திரும்பியபோது, நடுவர் முகம் நனைந்து மண்ணில் கிடந்ததைத்தான் பார்த்தார்கள்.

தண்ணீர் கொடுக்க வந்த தன் முகத்தில் துப்பினார், தள்ளினார் என்று நடுவர் புகார் கொடுத்தார். நான் போய்ச் சாட்சி சொன்னேன். "நீங்க அவர் ஆபீஸ்தானே?" என்று கேட்டுவிட்டு உட்காரச் சொன்னார்கள். தண்ணீர்க் கதையைச் சொன்னபோது சிரித்தார்கள். ஆயுள் தடை. அணியையும் போட்டியிலிருந்து நீக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்துக் கௌஷிக் லட்டு டப்பாவோடு ஜோதிலிங்கத்தின் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். நானும் இருந்தேன்.

"அங்கிள், எனக்கு எதுவும் யாத் இல்ல, ஞாபகமே வரல. கீழ விழுந்து லேசா மயக்கம்னு சொன்னாங்க. நீங்க மட்டும் கோபப்படாம இருந்திருந்தா நாம ஃபைனல் ஆடியிருப்போம். ஏன் அங்கிள் துப்பினீங்க?"

நான் வாயைத் திறந்தேன். ஜோதிலிங்கம் என் கையை அழுத்திப் பிடித்தான்.

"நம்ம புத்தி அப்டிப்பா. நீ எப்போ கிரவுண்டுக்குப் போற?"

அவன் போனதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உயிரைக் காப்பாத்தியிருக்க. அதைச் சொன்னா என்னய்யா?"

"சாவ தொட்டுட்டு வந்தேன்னு தெரிஞ்சா, அப்புறம் பந்துக்குத் தலைய குடுப்பானா சார்? பின்வாங்கிடுவான். அவன் ஆட்டமே தலையிலதான்."

நான் அழுதுவிட்டேன். அவன் அழவில்லை.

அடுத்த சீசனில் கௌஷிக் தலையால் முட்டி கோல் கோலாகப் போட்டான். ஜோதிலிங்கம் ஒன்றையும் பார்க்கவில்லை. திங்கட்கிழமைதோறும் நான் அலுவலகத்தில் சொல்வேன். ஃபைலிலிருந்து தலை நிமிராமல் கேட்டுவிட்டு, ஒன்றை மட்டும் கேட்பான்.

"எம்புறப்ப பய கண்ண மூடலையே சார்?"