பிரேக்கைப் பற்றிக் கதைக்கப்படாது

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர்களுக்கு என் கஷ்டம் விளங்கும்: பஸ் எப்ப வருமென்று ஊரே எங்களைக் கேட்கும், எங்களுக்கோ ஒருவரும் சொல்லமாட்டார்கள். எண்பத்து நான்காம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தில் ஒரு டிப்போவில் நான் பட்ட பாடு இது.

பஸ் கழுவும் தண்டனை

எங்கள் மனேஜருக்குப் பழுது என்ற சொல்லே ஆகாது. சாரதி செல்வரத்தினம் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "ஐயா, என்ரை பஸ்ஸிலை பிரேக் சரியாப் பிடிக்குதில்லை" என்றான்.

"உது வேலை செய்யப் பஞ்சி பிடிச்சவன் சொல்லுற சாட்டு" என்று மனேஜர் அவனைப் பஸ் கழுவ விட்டார். பிரேக்கை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதே பஸ்ஸை இன்னொரு சாரதியான யோகநாதனிடம் கொடுத்தார். அவன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கழுவிக்கொண்டிருந்தவனை ஒருதரம் பார்த்தான். பிறகு சொன்னான்: "எல்லாம் திறம், ஐயா."

புகையிலைத் தோட்டம்

அடுத்த கிழமை அந்தப் பஸ்ஸில்தான் நானும் போனேன். சண்டிலிப்பாய்த் திருப்பத்தில் ஒரு மாட்டுவண்டில் குறுக்கே வந்தது. யோகநாதன் மிதிக்கிறான், மிதிக்கிறான், பஸ் நிற்கவில்லை. வண்டில்காரனைக் காப்பாற்ற ஒடித்துத் திருப்பினான். வேலியைப் பிய்த்துக்கொண்டு புகையிலைத் தோட்டத்துக்குள் போய்ப் புதைந்தோம். சனம் குழறியது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் நெற்றி கம்பியில் அடிபட்டு இரத்தம் வழிந்தது. அவளும் பிள்ளையும் தப்பியது கடவுள் செயல்.

நான் யோகநாதனிடம் ஓடினேன். "உனக்கு இது தெரியாதோடா?" என்று கத்தினேன். ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடியே அவன் சொன்னான்: "தெரியும் அண்ணை. சொன்னவனுக்கு என்ன நடந்தது எண்டும் தெரியும்."

அரைவாசிப் பஸ்

மனேஜரை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் எங்களைக் கூட்டி, "பழுதைச் சொல்லுறவனுக்குத் தண்டனை இல்லை. மறைச்சால்தான் என்னட்டை வாங்கிக் கட்டுவியள்" என்றார். முதலில் செல்வரத்தினம்தான் எழும்பினான். "இப்ப எனக்குத் தந்திருக்கிற பஸ்ஸுக்கும் பிரேக் இல்லை, ஐயா." மனேஜர் அதை அப்பவே நிறுத்தினார். பிறகு ஆளாளுக்குத் தங்கள் பஸ்ஸின் பழுதைச் சொல்லத் தொடங்கினார்கள். இவ்வளவு நாளும் இதிலேயா சனத்தை ஏற்றினோம்! பாதிப் பஸ் பட்டறைக்குப் போனது.

அடுத்தநாள் விடிய, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு உள்ளதைச் சொல்லிவிட்டு வா என்று மனேஜர் என்னை அனுப்பினார். அடிதான் விழும் என்று பயந்துகொண்டே, "பின்னேரம் வரைக்கும் பஸ் இல்லை" என்றேன். கத்தரிக்காய்க் கடகத்தோடு நின்ற இணுவில் அம்மா ஒருவர் கடகத்தைத் தலையில் தூக்கினார். "விடியவே சொன்னியே தம்பி, நல்லாயிருப்பாய், முந்தி எண்டா மத்தியானம் வரைக்கும் வெயிலிலை காஞ்சிருப்பன்."

உண்மையைப் பேசத் தொடங்கியதும் எங்கள் டிப்போவில் வெளிக்கிடும் பஸ் பாதியாகக் குறைந்தது, ஆனால் வெளிக்கிட்டதெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்தது.