அனெக்ஸ் அன்ரிக்குச் சொந்தக்காரி

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசித்து முடிக்கும் முன்னமே பஸ் போய்விடும். ஆனால் ஒரு பக்கத்தை உரத்து வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கேளுங்கள், சரியாகச் சொல்லுவேன். ஒரு சின்னக் கேத்தல் தண்ணீர் கொதிக்கிற நேரம். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையொன்றில் இருந்த ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் பதினெட்டு வருசம் தேத்தண்ணி ஊற்றிப் பிடித்த கணக்கு அது.

அங்கே ரேடியோ நாடகங்கள் பதிவு செய்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடிகர்கள் கடதாசியைப் பிடித்துக்கொண்டு வாசிப்பார்கள். அவர்கள் கடைசிப் பக்கத்தைப் புரட்டும்போது நான் கேத்தலை அடுப்பில் வைத்தால், முடித்துக்கொண்டு வெளியே வரும்போது தேத்தண்ணி ஆவி பறக்கும். ஒரு நாளும் பிந்தியதில்லை. ரெயில் போகிற நேரம் மட்டும் கணக்குப் பிசகும். ரெயில் சத்தம் ஓயும் வரைக்கும் பதிவை நிறுத்திவிட்டு எல்லோரும் சிலை மாதிரி நிற்பார்கள். நானும் அடுப்பைக் குறைத்துவிட்டு நிற்பேன்.

ஒருநாள் மாமியார் வேசத்துக்குப் பேசுகிற அம்மா வரவில்லை. நான் குசினியில் எப்போதும் ஆட்களைப் போல கதைத்துக் காட்டுகிறவள் என்று முதலாளிக்குத் தெரியும். கூப்பிட்டு மைக்குக்கு முன்னால் நிறுத்தினார். வாசிக்கத் தெரியாது என்றேன். ஒராள் பக்கத்தில் நின்று காதுக்குள் சொல்லித் தர, நான் என்பாட்டில் ஏசினேன். பிறகு அந்தத் தொடர் நாடகம் முடியும் வரைக்கும் மாமியார் நான்தான். சந்தைக்குப் போனால் சனம் அந்த ஏச்சைத் தங்களுக்குள் சொல்லிச் சிரிக்கும். ஆனால் நாடகத்தின் முடிவில் வாசித்த பெயர், வராமல் விட்ட அந்த அம்மாவின் பெயர்.

முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"அக்கா, தேத்தண்ணிக்காரியின்ர பேரை வாசிச்சால் சனம் ரேடியோவை நிப்பாட்டிப் போடும்" என்றார். பிறகு லாச்சியில் இருந்து ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினார். அடியில் என் கோணல் கையெழுத்து. வேலைக்கு வந்த நாளைப் பதிகிற கடதாசி என்று சொல்லி வாங்கியது. அந்தக் குரலில் எனக்கு ஒரு உரிமையும் இல்லை என்று அதில் எழுதியிருந்ததாம். வாசிக்காமல் வைத்த கை. பிழை என்னுடையதுதான்.

ஸ்டூடியோவை மூடின நாள் எல்லோரும் எதை எதையோ கேட்டார்கள். நான் அந்தக் கேத்தலைக் கேட்டு வாங்கி வந்தேன்.

இப்போது நான் இருக்கிறது கொட்டாஞ்சேனையில், ஒரு தொடர்மாடியின் நாலாம் மாடி. எனக்கு நேர் கீழ் வீட்டில் பிளவுஸ் தைக்கிற ஒரு முஸ்லிம் பெண். என்னிலும் பதினைந்து வயது இளையவள். நான் அவளைத் தங்கச்சி என்பேன், அவள் என்னை அக்கா என்பாள். தையல் இல்லாத நேரம் மேலே வருவாள். நான் பழைய கதை சொல்லுவேன். இந்த வீடு கிடைக்கும் வரைக்கும் வெள்ளவத்தையில் ஒன்பது அனெக்ஸில், வீட்டுக்காரர் தங்கள் வீட்டோடு ஒட்டிக் கட்டி வாடகைக்கு விடுகிற துண்டுகளில், இருந்தவள் நான். நான் அன்ரி என்று கூப்பிட்ட அந்த ஒன்பது வீட்டுக்காரிகளையும் ஒன்றாக உருட்டி, கையில் சாவிக் கொத்தோடு ஒருநாள் செய்து காட்டினேன்.

"பிள்ளை, மீன் பொரிக்கலாம். மணக்கக் கூடாது. விருந்தாள் வரலாம். இருக்கக் கூடாது. பைப்பைத் திற. தண்ணிச் சத்தம் எனக்குக் கேக்கக் கூடாது!"

அவள் சிரித்துச் சிரித்துப் போனில் வீடியோ எடுத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. அடுத்த நாள் வந்து, "அக்கா, ஏச வாணாம். நான் அத நெட்ல போட்டுட்டேன். அனெக்ஸ் அன்ரின்டு பேரும் வெச்சிட்டேன்" என்றாள்.

அப்படித்தான் தொடங்கினது. அவள் போனை அரிசிமா டின்னில் சாய்த்து வைப்பாள், நான் சாவிக் கொத்தை எடுப்பேன். எழுதி வைக்கிறதில்லை. எழுதினாலும் யார் வாசிக்கிறது? சத்தத்துக்காக நிறுத்துகிறதும் இல்லை. கோயில் மணி அடித்தால் அன்ரி மணியையும் சேர்த்து ஏசுவாள். துறைமுகத்தில் கப்பல் ஊதினால், "யாரடா அது, கேற்றுக்கு முன்னால ஹோர்ன் அடிக்கிறது?" என்பாள். அதுக்குத்தான் சனம் கூடச் சிரித்தது. கனடாவில் இருந்து ஒருவர், "இந்த அன்ரியின்ர வீட்டிலதான் நான் இருந்தனான், அட்வான்ஸ் இன்னும் தரேல்லை" என்று எழுதியிருந்தார். தங்கச்சி வாசித்துக் காட்ட, நாங்கள் இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம்.

ஒரு வருசம் போனது. ஒருநாள் டிவி நாடகம் எடுக்கிற பெரிய கம்பனி ஒன்றில் இருந்து ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சேர்ட்.

"அம்மா, நீங்கள் போனில செய்யிறதை நாங்கள் செட் போட்டுச் செய்வம். லைட், மேக்கப், எல்லாம் வரும். டிவியில நீங்கள்தான் அனெக்ஸ் அன்ரி."

ஆசை இல்லை என்று சொன்னால் பொய். டிவியில் என் பெயர் வரும். அந்த முதலாளி உயிரோடு இருந்தால் பார்ப்பார்.

ஆனாலும் சொன்னேன்: "தமிழில எழுதிக் கொண்டு வாங்கோ. எல்லாத்தையும் எனக்கு வாசிச்சுக் காட்டவேணும். வாசிக்கேக்க தங்கச்சி போனில எடுப்பா."

"எடுங்கோ எடுங்கோ, நானும் நடிகனாகிறன்" என்று சிரித்துக்கொண்டு போனார்.

அடுத்த கிழமை நாலு பக்கத்தோடு வந்தார். தங்கச்சி போனைப் பிடித்தாள். அவர் வாசிக்கத் தொடங்க, நான் பழக்கத்தில் கேத்தலை வைத்தேன். முதல் பக்கம் முடிய, தண்ணீர் கொதித்தது. பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். திரும்பவும் கேத்தலை நிறைத்தேன். இரண்டாம் பக்கம் முடிய, அதுவும் கொதித்தது. மூன்றாம் முறை வைத்துவிட்டுத் திரும்புகிறேன், மனிதர் நாலாம் பக்கத்தில் நிற்கிறார். கேத்தல் இரையக்கூடத் தொடங்கவில்லை.

"தம்பி, மூண்டாம் பக்கம்?"

"வாசிச்சிட்டன் அம்மா."

"இல்லை. தண்ணி கொதிக்கேல்லை."

அவர் என்னைப் பார்த்தார், கேத்தலைப் பார்த்தார். "காஸ் குறைவாக்கும் அம்மா."

"காஸ் நேற்றுத்தான் மாத்தினது."

தங்கச்சியின் கையில் போன் ஆடியது. சிரிப்பை அடக்குகிறாள். "தங்கச்சி, போனை டின்னில சாய்ச்சுப்போட்டு வா. அந்தப் பக்கத்தை நீ வாசி" என்றேன்.

அவள் நடிகை இல்லை. விரலை வைத்து ஆறுதலாகத்தான் வாசித்தாள். அனெக்ஸ் அன்ரி என்ற பாத்திரம், பெயர், பேச்சு, இதுவரை போட்ட வீடியோ, இனிப் போடப் போகிற வீடியோ எல்லாம் கம்பனிக்குச் சொந்தம். கம்பனி அனுமதி எழுதித் தராமல் நான் அந்த வேசத்தை வேறெங்கும் செய்யக்கூடாது. கம்பனி விரும்பினால் வேறு ஆளை வைத்தும் செய்யலாம். அவள் பாதி வாசிக்கும்போதே கேத்தல் கொதித்து மூடி துள்ளத் தொடங்கியது. நான் இறக்கவில்லை. துள்ளட்டும் என்று விட்டேன்.

"அம்மா, இது வழமையான விசயம். எல்லாரும் கையெழுத்துப் போடுறவை."

"வழமையெண்டால் ஏன் தம்பி பாய்ஞ்சு போனனீங்கள்?"

அவர் கடதாசிகளை அடுக்கிப் பைக்குள் வைத்தார். "படியில பாத்து இறங்குங்கோ, மூண்டாம் மாடியில ஒரு படி உடைஞ்சிருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு இரண்டு நாள் எனக்கு இதே யோசனை. கைக்கு வந்ததை நானே தட்டிவிட்டேனோ என்று இருந்தது. தங்கச்சி வந்து, "அக்கா, அந்த மனிசன் வாசிச்ச வீடியோ எனக்கிட்ட ஈக்கிது. போட்டுடவா? கிழிஞ்சிடும் அவங்கட மானம்" என்றாள்.

"வேண்டாம். அந்தாளுக்கும் பிள்ளை குட்டி இருக்கும். சாவிக் கொத்தை எடு."

அன்றைக்கு அனெக்ஸ் அன்ரி புதுக் குடித்தனக்காரிக்கு வாடகை ஒப்பந்தம் வாசித்தாள். பிடிக்காத இடம் வந்தால் எச்சிலைத் தொட்டு இரண்டு பக்கத்தை ஒன்றாகப் புரட்டுவாள். கடைசியில் எழுதியிருந்தது என்னவென்றால், குடித்தனக்காரி சமைக்கிற கறியும் பார்க்கிற கனவும் வீட்டுக்காரிக்குச் சொந்தம். தங்கச்சி டின்னுக்குப் பின்னால் நின்று, "அன்ரி, தண்ணி இன்னும் கொதிக்கல்லியே!" என்று குரல் கொடுத்தாள். கம்பனியின் பெயர் சொல்லவில்லை. ஆனால் எங்களைப் போல வீடியோ போடுகிற ஆட்கள் எங்கெங்கிருந்தெல்லாமோ எழுதினார்கள்: எனக்கும் இப்படித்தான், என்னிடமும் ஒரு பக்கத்தைப் பாய்ந்துதான் வாசித்தார்கள் என்று. ஜிந்துப்பிட்டிப் பக்கம் மீன் வாங்கப் போனால் கடைக்காரர், "அம்மா, தண்ணி கொதிச்சுதா?" என்று கேட்டுத்தான் நிறுப்பார்.

மூன்றாம் கிழமை அந்தக் கம்பனியின் பெரிய மேடமே நாலு மாடியும் ஏறி வந்தார். மூச்சு வாங்கி, கதிரையில் அமர்ந்து, பையில் இருந்து ஒரேயொரு பக்கத்தை எடுத்தார்.

"நீங்கள் கேத்தலை வையுங்கோ அம்மா, நான் வாசிக்கிறன்" என்றார்.

எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர் கொண்டு வந்ததில் சிலதை நாங்கள் வெட்டினோம், சிலதை எழுதுவித்தோம். பத்துக் கதை மட்டும் அவர்கள் டிவியில் காட்டலாம். எடுக்கிறது எங்கள் வீட்டில். மணி அடித்தாலும் கப்பல் ஊதினாலும் நிறுத்தக்கூடாது. அன்ரி எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தம், முன்னமும், இப்பவும், இனியும். எங்கள் பெயர் கடைசியில் இல்லை, தொடக்கத்தில் வரவேண்டும். திருத்தின பக்கத்தை மேடம் முழுதாக வாசித்து முடிக்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருந்தது. நான் ஆறுதலாக, ஒரு எழுத்தும் கோணாமல் கையெழுத்து வைத்தேன். தங்கச்சியும் வைத்தாள்.

முதல் கதை வந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் மாடிச் சனம் முழுக்க என் வீட்டில். இருக்க இடமில்லாமல் ஆட்கள் வாசல் படி வரைக்கும் நின்றார்கள். டிவியில் முதலில் இருட்டு, பிறகு வெள்ளை எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரிந்த சொற்கள் கொஞ்சம்தான், என் பெயர் அதில் ஒன்று. கிட்டப் போய் நின்று எழுத்தெழுத்தாக உரத்து வாசித்தேன். பிறகு அதற்குக் கீழே இருந்த தங்கச்சியின் பெயரையும் கூட்டி வாசித்தேன்.

"அன்ரி, தள்ளுங்கோ, படம் மறைக்குது!" என்று பின்னால் இருந்து சத்தம் வந்தது.

"வீடு என்ர, டிவி என்ர, அதில வாற பேரும் என்ர" என்றேன். "வந்தவை இருக்கலாம். கத்தக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் தள்ளி நிற்கவில்லை.