அத்தையின் இரண்டு காதுகள்

கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் என் கண் முதலில் போனது மாமியாரின் காதுக்குத்தான். அறுபதுகளின் தொடக்கம் அது. கன்னிவாடிப் பக்கம் பிறந்த பெண்களுக்குச் சிறு வயதிலேயே காதைக் குத்தி, ஓட்டையைப் பெரிதாக்கி, தண்டட்டி என்கிற கனத்த காதணியைப் போட்டு இழுத்துவிடுவார்கள். என் மாமனார் இறந்ததும் அத்தைக்குத் தண்டட்டியைக் கழற்றிவிட்டார்கள். கனம் போனதே தவிரக் காது மேலேறவில்லை. வெறும் சதை வளையமாக இரண்டு பக்கமும் தோளைத் தொடப் பார்த்துக்கொண்டு தொங்கியது. அவர் வெடுக்கென்று திரும்பினால் அது கொஞ்சம் பிந்தித் திரும்பும். எனக்கு எதையும் உற்றுப் பார்க்கிற புத்தி. டீச்சர் வேலைக்கு அது உதவியது, மருமகள் வேலைக்கு உதவவில்லை.

"என்னத்தா அப்பிடிப் பாக்குற?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"வலிக்குமா அத்தை?"

"வலியெல்லாம் இல்ல. அடுப்புக்குக் குனிஞ்சா முன்னால வந்து விழுகும், அம்புட்டுத்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இதை வெட்டித் தைக்கிறாகளாமே. தைச்சா என் மூஞ்சி எப்பிடி இருக்கும்னு பாக்கணும் தாயி. சாகறதுக்குள்ள ஒரு தடவை பாத்துரணும்."

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. புகையிலைக் கிட்டங்கியில் இலையின் நரம்பு கிழிக்கிற வேலை. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. ஊர் என்ன சொல்லும் என்பதை ஊருக்கு முன்னால் யோசிக்கிறவர். "புருசன் இல்லாதவளுக்குக் காது எதுக்குன்னு கேப்பாக" என்றார். "என் காதுடா. உன் காதையா வெட்டச் சொன்னேன்?" என்றார் அத்தை. அதோடு பேச்சு முடிந்தது. வாத்தியாரம்மா, படித்தவள் என்று என்னை ஆஸ்பத்திரிக்குத் துணையாக அழைத்துப் போனார்.

டாக்டர் இரண்டு காதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே நாளில் இரண்டையும் தைத்தால் அத்தையால் எந்தப் பக்கமும் ஒருக்களித்துப் படுக்க முடியாது. அதனால் முதலில் இடது காது, ஆறிய பிறகு வலது. அத்தையை ஊசி போடும் அறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் கேட்டார்.

"சர்க்கரை வியாதி உண்டா? பொடி, சுருட்டு ஏதாவது? தினமும் சாப்பிடுகிற மாத்திரை? இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தையல் சரியாக ஒட்டாது."

"ஒன்றும் கிடையாது டாக்டர்" என்றேன்.

சர்க்கரையைத் தவிர எல்லாம் இருந்தது. அத்தை சுருட்டுக் குடிப்பார். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. அவர் கொல்லைப் பக்கம் போனால், திரும்பி வந்து வாசலில் நின்று இருமும் வரைக்கும் யாரும் கொல்லைக்குப் போகமாட்டோம். தண்ணீர் வேண்டுமா, விறகு வேண்டுமா, இருமல் கேட்கட்டும். கல்யாணமான மூன்றாம் நாளே எனக்குப் புரிந்துவிட்டது, எவரும் சொல்லித் தரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டதை வேற்று மனிதரிடம் என் வாயால் சொல்வதா? மாமியார் சுருட்டுக் குடிக்கிறவர் என்று சொன்னால் அந்தக் குடும்பத்து மருமகளான என்னையும் சேர்த்துத்தானே டாக்டர் எடை போடுவார்? கௌரவம் காத்த திருப்தியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரையும் இருந்தது. அத்தைக்கு இளைப்பு. அதற்கு மருந்துக் கடையில் ஒரு வெள்ளை மாத்திரை வாங்குவார், எந்தச் சீட்டும் இல்லாமல். அது மூச்சை மட்டும் விடுவிக்கவில்லை, தூக்கத்தையும் விரட்டியது. "இதைப் போட்டுட்டு உக்காந்தா கை பறக்கும் தாயி" என்பார். நாளடைவில் இளைப்பு இல்லாத நாளிலும் ஒன்று போட்டுக்கொண்டுதான் கிட்டங்கிக்குப் போவார்.

இடது காது தைத்து முடிந்ததும், வெட்டியெடுத்த துண்டைக் காட்டச் சொன்னார் அத்தை. தட்டில் வைத்துக் காட்டினார்கள். "இம்புட்டுத்தானா? இதையா இத்தனை வருசம் தூக்கிச் சுமந்தேன்?" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும், "சுருட்டு கூடாதாம் அத்தை" என்று தரையைப் பார்த்தபடி சொன்னேன். முதல் தடவையாக அந்த வார்த்தை எங்கள் வீட்டுக்குள் ஒலித்தது. அவருக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. "புகை வாய்க்குள்ள போகுது. காதுக்கும் அதுக்கும் என்னத்தா சம்பந்தம்?" நான் என்னவோ வாத்தியாரம்மாதான். உண்மையாகவே எனக்கும் அதே சந்தேகம்தான். வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்ததில் ஒரு சுருட்டு மூன்றானது. சுருட்டு கூடியதில் இளைப்பு கூடியது. இளைப்பு கூடியதில் மாத்திரை கூடியது.

நான்காம் நாள் கட்டு மாற்றும்போது காதின் ஓரம் கருநீலமாக இருந்தது. ஏழாம் நாள் தையலைப் பிரித்ததும் அடிப்பக்கம் வாயைத் திறந்துகொண்டது. டாக்டர் கறுத்துப்போன சதையை வெட்டி எடுத்தார். காதின் அடியில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம் நின்றுவிட்டது. மறுபடி தைக்க அங்கே போதுமான சதை இல்லை என்றார். அத்தை கண்ணாடியை வாங்கிப் பார்த்துவிட்டு, கவிழ்த்து வைத்தார்.

"சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. ரத்தம் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்" என்றார் டாக்டர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு. "அம்மா, நான் மறுபடியும் கேட்கிறேன்."

சொன்னேன். சுருட்டு, மாத்திரை, கை பறப்பது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. ஒரு தாளில் மெல்லிய கோடுகளாக ரத்தக் குழாய்களை வரைந்தார். சுருட்டில் உள்ள நஞ்சு இவற்றைச் சுருக்கும், அந்த மாத்திரையும் சுருக்கும். பெரிய குழாய் தாங்கிக்கொள்ளும், காது ஓரத்தில் இருப்பது நூலைவிட மெல்லியது என்றார். என் வெட்கத்துக்கு நடுவிலும் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. வாய்க்கும் காதுக்கும் சம்பந்தம் அங்கே கோடு கோடாகத் தெரிந்தது. இளைப்பு மருந்தை நாங்களாக நிறுத்தக் கூடாது என்று சொல்லி, வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலது காதைத் தொட வேண்டுமானால் ஆறு வாரம் சுருட்டின் வாடைகூட இருக்கக் கூடாது என்றார்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அத்தையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் முன்பே கேட்டதையும், நான் இல்லையென்று சொன்னதையும். அழுதுவிட்டேன். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்காகத்தானே சொன்ன" என்றார் கடைசியில். எனக்காகவும்தான் சொன்னேன் என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஆறு வாரம் எங்கள் வீடு வீடாக இல்லை. அத்தை பகலெல்லாம் தூங்கி வழிந்தார். விழித்தால் எரிந்து விழுந்தார். கிட்டங்கிக்குப் போனால் வாடை இழுக்கும் என்று வேலையையும் விட்டுவிட்டார். கை சும்மா இருக்க முடியாமல் புளியங்கொட்டையை ஒரு சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு மாற்றிக்கொண்டிருப்பார். ஆனால் இருமவில்லை. கொல்லைக்கு எப்போது போகலாம் என்று தெரியாமல் நாங்கள்தான் தடுமாறினோம்.

பிறகு வலது காதைத் தைத்தார்கள். தினமும் காலையில் அதைப் பார்ப்பது என் வேலை. கட்டுக்கு வெளியே தெரிகிற ஓரத்தை விரல் நுனியால் தொட்டு அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் சிவப்பு ஓடி வரும். "வந்துச்சா?" என்பார் அத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு. "வந்துருச்சு அத்தை." ஏழு நாளும் வந்தது. தையல் பிரித்ததும் வலது காது, கம்மல் போடலாம் போல, அவ்வளவு அழகாக இருந்தது.

காதைப் பார்க்கச் செம்பட்டியிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் முன்னால் என் வீட்டுக்காரருக்கு ஆத்திரம் பொங்கியது. "இந்தக் காது ஒட்டியிருக்கு, அது மட்டும் ஏன் போச்சு? டாக்டர் கவனிக்கல. நாளைக்கே போய் நாலு வார்த்தை கேக்கப் போறேன். முன்கூட்டியே விசாரிக்க வேண்டாமா? ஒரு வார்த்தை கேட்டாரா?" என்று என் பக்கம் திரும்பினார்.

நான் அத்தையைப் பார்த்தேன்.

"கேட்டாருடா" என்றார் அத்தை. "நான் சுருட்டுக் குடிக்கிறவ. குடிக்கிறியான்னு என்கிட்டக் கேட்டாரு. இல்லைன்னு நான்தேன் பொய் சொன்னேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

செம்பட்டிப் பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். அத்தை பள்ளம் விழுந்த காதோடு நிமிர்ந்து உட்கார்ந்து, எல்லோருக்கும் காப்பி கொண்டுவரச் சொல்லி என்னை அனுப்பினார். நானும் போய்க் காப்பி போட்டேன்.