மாமனார் பெயர் வைத்த மகனோடு ஆவூர்த் தேருக்கு

என் மகனுக்கு முடி இறக்குவதாக ஆவூர்ப் பெரியநாயகி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு நாலு வருஷம் ஆகிவிட்டது. யுத்தம் முடியட்டும், பஸ் ஒழுங்காக ஓடட்டும் என்று தள்ளிப் போட்டோம். யுத்தம் முடிகிற வழியாக இல்லை, பையனுக்கோ முடி கண்ணை மறைத்தது. ஆகவே நாற்பத்துநாலாம் வருஷம் தேர்த் திருவிழாவன்று நானும் மாமனாரும் பையனுமாகப் புதுக்கோட்டையிலிருந்து கிளம்பினோம். வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை.

பையன், பையன் என்கிறாளே, அவனுக்குப் பெயர் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது மாமனாரின் பெயர். மருமகள் வாயால் அதைச் சொல்லக் கூடாது. எழுதலாம், சொல்லத்தான் கூடாது என்று நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன்: ராயப்பன்.

என் வீட்டுக்காரர் வாத்தியார். பெயர்களுக்குப் பொருள் தேடுவதில் அவருக்கு ஒரு பைத்தியம். பேதுரு என்றால் கிரேக்க மொழியில் கல்லாம். தெலுங்கில் ராயி என்றாலும் கல். அதனால்தான் பேதுரு நம் பக்கத்தில் ராயப்பர் ஆனார் என்பார். பவுல் என்றால் லத்தீனில் சின்னவன், அதனால் சின்னப்பர். யோவான் என்றால் எபிரேயத்தில் கடவுளின் அருள், அதனால் அருளப்பர். பொருள் ஒன்றுதானே என்று பையனைப் ‘பேதுரு’ என்று கூப்பிட்டுப் பார்த்தேன். திரும்பவே இல்லை. ‘கல்லு’ என்றேன், அழுதான். கடைசியில் ‘தம்பி’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன். தெருவே அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, பெற்ற எனக்கு மட்டும் அந்தப் பாக்கியம் இல்லையே என்று மனசு சுருக்கென்று வலிக்கும்.

காலை ஆறு மணிக்கு, பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ். கீரனூருக்கு ஆளுக்கு ஆறணா. வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கரி கிளறினார்கள். வெள்ளைப் புடவை கட்டாதீர்கள், நான் கட்டிக்கொண்டு போய்ப் பட்டேன். கீரனூரிலிருந்து ஆவூர் பத்து மைல் போல இருக்கும். போக வர மூன்று ரூபாய்க்கு மாட்டு வண்டி பேசினோம்.

வண்டிக்காரர் கருப்பையா நல்ல பேச்சுக்காரர். மாமனார் ஏறியதும் தூங்கிவிட்டதால் என்னிடம் ஆரம்பித்தார்.

“தம்பி பேரு என்னங்க?”

“சாமி பேருங்க. மோட்சத்துச் சாவி அவருகிட்டதான் இருக்கும்” என்றேன்.

“எங்கூருல கோயில் சாவி பொன்னுச்சாமிகிட்ட இருக்கும். அதுங்களா?”

“ராயப்பன்!” என்று பையனே கத்தினான்.

கருப்பையாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. “மாமனாரு பேருங்களாக்கும்? எங்க வீட்லயும் இந்தக் கூத்துதாங்க. என் பேரு கருப்பையாவா, அவ கடையில கருப்பட்டின்னு கேக்க மாட்டா. பனையில காய்ச்சுறது குடுங்கம்பா. கடைக்காரருக்கும் பழகிப்போச்சு.”

அவர் மகள் பெயர் பிரகதாம்பாள். நம் புதுக்கோட்டை ராஜா குடும்பம் கும்பிடும் அம்மனின் பெயர் அது. வடமொழியில் பெரிய தாய் என்று பொருள். நாங்கள் போவதோ பெரியநாயகியிடம். இதைச் சொன்னதும் கருப்பையா மாட்டை நிறுத்திவிட்டு, “அப்ப நானும் உள்ள வந்து ஒரு கும்புடு போட்டுக்கிறேங்க” என்றார். அப்படியே வந்து கும்பிட்டார்.

நடுப்பகலுக்கு ஆவூர் சேர்ந்தோம். முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசி, கஞ்சி குடித்து முடிக்கவும் தேர் கிளம்பவும் சரியாக இருந்தது. மாதா ஜம்மென்று பூவுக்குள் நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டேன், அவ்வளவுதான். கையை இறக்கினால் பையனைக் காணோம்.

“தம்பி! தம்பி!” என்று கத்தினேன். ஒரு கூட்டமே திரும்பியது. எல்லாம் சந்தனம் பூசிய மொட்டைகள். எது யார் வீட்டுப் பிள்ளை என்று மாதாவுக்கே தெரிந்திருக்காது. பக்கத்தில் தேர்ச் சக்கரம் உருண்டுகொண்டிருந்தது.

மாமனார் “ராயப்பா! ராயப்பா!” என்று தன் பெயரைத் தானே கூவிக்கொண்டு கூட்டத்தில் நுழைந்தார். அவருக்கு இருமல் தொண்டை. மேளச் சத்தத்தில் பக்கத்து ஆளுக்குக்கூடக் கேட்கவில்லை. திரும்பி என்னிடம் வந்தார்.

“நீ கூப்புடாத்தா. ஒன் தொண்டைதான் எடுக்கும்.”

“மாமா, எப்புடி மாமா நான்...”

“நான் தொலையல. இங்கிட்டுதான் நிக்கிறேன். தொலைஞ்சவனக் கூப்புடு!”

கூப்பிட்டேன். நாலு வருஷமாகத் தொண்டையில் நின்றது எல்லாம் சேர்ந்து வந்தது. “ராயப்பா!” மேளக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொரிகடலைக் கடைப் பக்கமிருந்து ஒரு மொட்டை கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து என் புடவையைப் பிடித்தது.

“தாத்தாவ ஏம்மா இப்புடிக் கத்திக் கூப்புடுற? இந்தா நிக்கிறாருல்ல?”

“ஒன்னத்தாண்டா கூப்புட்டேன்” என்று சொல்லி அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். மாமனார் மூக்கைச் சிந்திக்கொண்டு தேரைப் பார்த்தார்.

ஆவூர் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள், கடைகளில் யானை விலை. ராத்திரி தங்கக் கோயில் பக்கத்தில் கொட்டகை உண்டு, காசு கேட்பதில்லை, பாய் மட்டும் உங்களுடையது. பிள்ளைக்கு முடி இறக்குபவர்கள் பளிச்சென்று ஒரு சிவப்புச் சட்டை மாட்டிவிடுங்கள். மாமனார் பெயர் வைத்த பிள்ளையென்றால், வீட்டிலேயே அவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு வண்டி ஏறுங்கள். மாமனார்கள் நாம் பயப்படுகிற அளவுக்குக் கடுமையானவர்கள் இல்லை.

மறுநாள் திரும்பும் வழியெல்லாம் நான் அவனைக் காரணமே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். வெயில் படுகிறது, ராயப்பா. கொக்கு பார், ராயப்பா. ஒவ்வொரு தடவையும் வண்டிக்குள்ளிருந்து இரண்டு பேர் “என்ன?” என்றார்கள்.